இனிப்புக் கொடுக்காத ஊர்

சவாயீ தீவில் சுகா என்றால் சீனி. சீனிநோயும் சுகாதான். கடையில் போய் சுகா இருக்கிறதா என்று கேட்டால் பொட்டலத்தை எடுத்து வைப்பார்கள். தேவாலய வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் அதையே கேட்டால் இடுப்புத்துணியை விலக்கி, வெட்டி எடுத்த காலின் மிச்சத்தைக் காட்டுவார். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊர் சௌகரியமாகத்தான் இருந்தது. கேட்பவர் முகத்தைப் பார்த்தால் எந்தச் சுகா என்று தெரிந்துவிடும். நோய் என்றால் பருத்த பெரியவர்களுக்கு வருவது, சீனி என்றால் பிள்ளைகள் கேட்பது, அவ்வளவுதான் கணக்கு.

வைதோவாவின் மகள் தெலேசியாவுக்கு எட்டு வயதில் அந்த நோய் வந்தபோது கணக்கு குழம்பிப்போனது.

வைதோவா அந்த ஊருக்கு வாழவந்தவள். அந்தத் தீவில் வாழவந்த பெண்ணுக்கு அடுப்பு உண்டு, பாத்திரம் உண்டு, பேச்சு கிடையாது. பேச்செல்லாம் நாத்தனாருக்கு. அவள் நாத்தனார் ஃபுவாதினோ ஊர்ப் பெண்கள் கமிட்டியின் தலைவி. ஊரில் இருந்த ஒரே கடையும் அவளுடையது, கடைக்குள் இருந்த ஒரே ஃபிரிட்ஜும் அவளுடையது. உடன்பிறந்தான் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் வருவதும் சாபம் வருவதும் அத்தை வாயிலிருந்துதான் என்பது அங்கே எல்லோரும் நம்புகிற விஷயம். ஃபுவாதினோ அதை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே நம்பினாள். வைதோவாவின் கணவன் அவுகுசோ நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், முதலில் அக்காவிடம் பேசுவான், பிறகு மகளிடம், மிச்சம் மீதி இருந்தால் மனைவியிடம்.

பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், பாயை நனைத்தாள். எட்டு வயதாகியும் பாயை நனைக்கிறாளே, தாய் வளர்த்த லட்சணம் இது என்று ஃபுவாதினோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்து லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் விஷயம் தெரிந்தது. செய்தியைக் கேட்ட ஃபுவாதினோ கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள்.

"எங்க வம்சத்துல பெரியவங்களுக்குத்தான் சுகா வரும். பச்சைப்பிள்ளைக்கு வந்ததே இல்ல. எந்த வீட்டு ரத்தத்துலேர்ந்து வந்துச்சுன்னு நான் வேற வாயத் தொறந்து சொல்லணுமா?"

வைதோவா பாத்திரம் கழுவினாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் நல்லவள். பெரியவர்களுக்கு வருகிற சுகா வேறு, இது வேறு என்று பொறுமையாகச் சொன்னாள். இந்தப் பிள்ளையின் உடம்பு ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பிடாமல் ஓடி ஆடினால் ரத்தத்தில் சீனி சரசரவென்று இறங்கிவிடும். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் அழும் அல்லது சிரிக்கும். அந்த நேரத்தில் ஊசியைத் தொடவே கூடாது, கையில் கிடைத்த இனிப்பை உடனே வாயில் போட வேண்டும். இதை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஏறுனா மெதுவாக் கொல்லும். எறங்குனா நிக்க வெச்சே கொல்லும். ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கம்மா, ஒண்ண மட்டும் வெச்சுக்காதே."

வைதோவா இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு மதியம் கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளை வெளிறிப்போய், வியர்த்து, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு கரண்டிச் சீனியை வாயில் அள்ளிப் போட்டதும் அவள்தான். கொஞ்ச நேரத்தில் தெலேசியா எழுந்து உட்கார்ந்து, மீன் எங்கே என்று கேட்டாள். அன்றிலிருந்து வைதோவா இடுப்புத்துணி முடிச்சில் நாலு மிட்டாய் இல்லாமல் வெளியே போனதில்லை.

ஆனால் ஊர் அன்பான ஊர். அன்பான ஊர் என்றாலே ஆபத்து. வழியில் பார்க்கிற கிழவி ஒரு தேங்காய்ப்பால் பன்னைக் கையில் திணிப்பாள். அடுத்த வீட்டில் ஒரு கோப்பை கொக்கோ, அதில் பாதிக்குப் பாதி சீனி. ஒன்று சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்பார்கள். தெலேசியாவும் லேசுப்பட்டவள் இல்லை. பள்ளியில் அவளைக் கிழவி என்று கூப்பிட்டார்கள். உனக்கு எப்போது காலை வெட்டுவார்கள், வெட்டினால் அந்தச் செருப்பை எனக்குக் கொடு என்று கேட்டார்கள். அவள் அழாமல் நிஜமான கிழவி போலவே இடுப்பில் கைவைத்து, பாஸ்டர் பேசுவதைப் போலவும் தன் அத்தை பேசுவதைப் போலவும் பேசிக் காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மிட்டாயைக் கூலியாகக் கொடுப்பார்கள். ஊசி ஒரு பக்கம் இறக்க, ஊர் மறு பக்கம் ஏற்றியது. ஒரு வாரம் வாந்தி நிற்கவில்லை, மூச்சில் அழுகின பழத்தின் வாடை. மறுபடியும் லாரி, ஆஸ்பத்திரி. இந்த முறை டாக்டர் வைதோவாவைத்தான் திட்டினார், ஒரு பிள்ளையின் வாயைக் கட்ட உனக்குத் துப்பில்லையா என்று.

அந்தத் திட்டுதான் அவளைச் சுட்டது. திரும்பி வந்தவள் ஊர்ச் சபையில் விண்ணப்பம் வைக்க வேண்டும் என்றாள். வாழவந்தவள் சபைக்கு விண்ணப்பம் வைப்பதாவது என்று ஊர் முணுமுணுத்தது. ஆனால் பிள்ளை அவுகுசோவின் பிள்ளை, ஃபுவாதினோவின் மருமகள். ஃபுவாதினோ தானே கூட்டிக்கொண்டு போனாள். அன்பு அவளுக்கும் இருந்தது. அவள் அன்பு எப்போதும் முன்னால் நடக்கும், மற்றவர்கள் பின்னால் வரவேண்டும், அதுதான் வித்தியாசம்.

சபை வீட்டில் தலைவர்கள் கம்பத்துக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வைதோவா ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தாள். ஃபுவாதினோ எல்லோருக்கும் கேட்கும்படி, என் தம்பி பெண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாது, ஒரு நாள் ஒன்று சொல்வாள், மறுநாள் மாற்றிச் சொல்வாள், இருந்தாலும் பிள்ளைக்காக வந்திருக்கிறோம் என்று தொடங்கினாள். இந்தப் பிள்ளைக்கு யாரும் இனிப்புக் கொடுக்கக்கூடாது என்று தடை போட வேண்டும், இதுதான் கோரிக்கை. தலைவர்கள் தலையசைத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நோய் உண்டு, இரண்டு பேருக்குக் கால் இல்லை.

சபையின் பேச்சாளர் லவுதானோ செங்கோல் மாதிரி ஒரு நீண்ட தடியை ஊன்றிப் பேசுகிறவர். அவர் வாயில் வந்தது சட்டம். சட்டத்தில் ‘ஆனால்’ வருவது அவருக்குப் பிடிக்காது. ஓட்டை இருக்கும் பாயில் யாரும் விருந்தாளியை உட்காரவைக்க மாட்டார்கள் என்பார். அவர் வைதோவாவை நேராகவே கேட்டார்.

"எப்பவுமா? இல்ல, சில நேரம் கொடுக்கலாம், சில நேரம் கூடாதுன்னு இருக்கா? இப்பவே சொல்லிடும்மா. சபை அப்புறம் மாத்தாது."

வைதோவாவின் இடுப்பு முடிச்சில் நாலு மிட்டாய் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்தில் ஃபுவாதினோ லேசாகச் சிரித்தாள், ‘பார், இப்போது மாற்றுவாள்’ என்பது போல. அந்தச் சிரிப்பு வைதோவாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சில நேரம் என்று சொன்னால் இந்த ஊர் அந்தச் சில நேரத்தை நாள் முழுவதும் இழுத்துவிடும் என்றும் அவளுக்குத் தோன்றியது. அதுவும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாகத் தோன்றியது.

"எப்பவும்" என்றாள். "எந்த நேரத்துலயும் கூடாது."

லவுதானோ தடியைத் தட்டினார். மீறுகிற குடும்பம் ஒரு பெரிய பன்றியும் ஒரு பெட்டி டின் மீனும் அபராதம் கட்ட வேண்டும். அதோடு சபையின் முன் பாயைப் போர்த்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஊரில் அதற்குப் பிறகு ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

தடை பலித்தது. ஒரு நாயும் மீறவில்லை. தெலேசியா தெருவில் வந்தால் கிழவிகள் பன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். விருந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொக்கோ, அவளுக்கு மட்டும் வெறும் தண்ணீர். பள்ளியில் அவள் பையைச் சோதிக்க இரண்டு பிள்ளைகளை டீச்சர் நியமித்தாள். அவர்கள் அந்த வேலையைப் படிப்பைவிடச் சிரத்தையாகச் செய்தார்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் சீனி அளவு நன்றாக இருந்தது, டாக்டர் இந்த முறை பாராட்டினார். தேவாலயம், பள்ளி எல்லாவற்றிலும் சீனி இறங்குவதைப் பற்றியும் சொல்லியிருக்கிறாயா என்று நர்ஸ் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றாள் வைதோவா.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஊர் அதை ‘வைதோவாவின் தடை’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. கிணற்றடியில் மற்ற பெண்கள் அவளுக்கு முதலில் வழிவிட்டார்கள். வாழவந்து பத்து வருஷத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஊர் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த ருசியை நாக்கில் வைத்துக்கொண்டு யாரால் துப்ப முடியும்? நாம் இருக்கிறோமே, முடிச்சில் மிட்டாய் இருக்கிறதே, பிள்ளைக்கும் தெரியுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இறங்கும்போதெல்லாம் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், வாழை மறைவில் ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துக் கூட்டிவந்தாள்.

அக்டோபரில், பிள்ளைகள் வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் வசனம் ஒப்பிக்கும் வெள்ளை ஞாயிற்றுக்கு முந்தின வாரம், அடுத்த தீவில் வைதோவாவின் அண்ணன் இறந்துபோனான். துக்கத்துக்குக் காணிக்கையாக வைக்கும் பாய்களை எடுத்துக்கொண்டு கப்பலில் போயாக வேண்டும். தெலேசியாவைக் கூட்டிப்போகிறேன் என்றாள். ஃபுவாதினோ விடவில்லை. வெள்ளை ஞாயிறன்று நீண்ட வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்கப்போவது அவள் மருமகள். தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

கப்பலுக்குப் போகும் காலையில் வைதோவா கடைக்குள் வந்து நின்றாள். ஊசி மருந்து ஃபுவாதினோவின் ஃபிரிட்ஜில்தான், ஆரஞ்சு கேன்களுக்குப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு போட வேண்டும் என்று காட்டினாள். ரத்தத்தில் சீனி பார்க்கும் பட்டைகள் தீர்ந்துபோயிருந்தன, ஆஸ்பத்திரியிலும் வரவில்லை. பிறகு, "அண்ணி, இன்னொண்ணு" என்று ஆரம்பித்தாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாள் ஃபுவாதினோ. "டவீத்தாவுக்கு வருஷக்கணக்கா நான்தானே குத்துறேன். சுகாவப் பத்தி எனக்குத் தெரியாததா? நீ போய் உங்கண்ணனுக்கு அழு."

டவீத்தா அவள் கணவன், ஒரு கால் இல்லாதவர். அவருக்குச் சீனி ஏறித்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஏறும், வியர்த்துக் கிறங்குவார், ஊசி போடுவாள், சரியாகிவிடும். அவர் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு எந்த ஊசியாலும் அதை அளவுக்கும் கீழே இறக்கிவிட முடியாது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சபையில் சொன்னது பொய் என்று ஆகும். அதுவும் ஃபுவாதினோவிடமே போய் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று வைதோவா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தெலேசியாவின் பைக்குள், பைபிள் வசனத் தாளுக்கு அடியில் ஒரு பொட்டலம் மிட்டாயை வைத்தாள். நடுக்கம் வந்தால் சாப்பிடு, யார் கண்ணிலும் காட்டாதே என்றாள்.

"கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள் தெலேசியா.

"கண்டுபிடிக்க விடாதே."

தெலேசியா உடனே இடுப்பில் கைவைத்து, அத்தையின் குரலில், "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாள். வைதோவா சிரித்துவிட்டாள். மகள் பேசி அவள் கேட்ட கடைசிப் பேச்சு அது.

கடல் கொந்தளித்ததால் திரும்பும் கப்பல் தாமதமானது. வைதோவா ஊருக்குப் பஸ்ஸில் வந்தபோது சனிக்கிழமை சாயங்காலம். பஸ் அவள் வீட்டுக்கு எதிரே தானாகவே நின்றது. டிரைவர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பாட்டை அணைத்தான். சுவரில்லாத அந்த வீட்டில் ஓலைத் தட்டிகளை எல்லாம் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நடுவில் பாய்மேல் பாய் விரித்து, மேலே வெள்ளை உடுப்போடு தெலேசியாவைப் படுக்கவைத்திருந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்குத் தைத்த உடுப்பு அது. ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள், பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது, திரும்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

வைதோவா மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளை அழவிடவில்லை ஊர். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பாயைக் காணிக்கையாக வைத்து, பாயைவிடப் பெரிய காணிக்கை ஒன்றையும் வைத்தார்கள்.

முதலில் பாஸ்டரின் மனைவி. மதியம் தேவாலய மண்டபத்தில் பாட்டும் ஆட்டமுமாக ஒத்திகை நடந்ததாம். பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து ஆடினார்களாம். ஒரு எழுத்தும் தப்பாத தெலேசியா வசனத்தை நடுவில் மறந்துவிட்டு, காரணமில்லாமல் சிரித்து, பிறகு அழுதாளாம். முகமெல்லாம் வியர்வையாம்.

"சுகா, சுகான்னு சொன்னா. ஏறிடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. பிள்ளைங்களுக்குன்னு மேசையில பன் வெச்சிருந்தேன், கைய நீட்டினா. நான் தட்டத் தூக்கி அலமாரி மேல வெச்சுட்டேன். அழுதா, மனசு கேக்கல. ஆனா உன் வார்த்தைய நெனச்சுக்கிட்டேன், வைதோவா."

அந்த ஊர் வழக்கத்தில் துக்க வீட்டார் எந்தக் காணிக்கைக்கும் நன்றி சொல்ல வேண்டும். வைதோவா நன்றி சொன்னாள். தன் வாய் அதைச் சொல்வது அவளுக்குக் கேட்டது.

அடுத்து, தெலேசியாவோடு படிக்கும் செராஃபினா. அவள் அம்மா முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள், சொல்லு, நீ செய்ததை அத்தையிடம் சொல்லு என்று. பிள்ளைக்கு முதலில் வெட்கம். பிறகு பெருமை வந்துவிட்டது.

"அவ தன் பைக்குள்ள தேடிப் பாத்துட்டு எங்கிட்ட ஓடி வந்தா. எங்கிட்ட ஐஸ் இருந்துச்சு. அதக் குடுன்னா. குடுக்கலேன்னதும் என் கையக் கடிக்க வந்தா. நான் குடுக்கவே இல்ல அத்தை. மொத்தத்தையும் நானே வாயில போட்டுக்கிட்டு ஓடிட்டேன்."

அவள் அம்மா தலையைத் தடவிக் கொடுத்தாள். சமத்து என்றாள். வைதோவா அந்தப் பிள்ளையின் கையில் பல் பட்ட சிவப்பைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கையைப் பிடுங்கி எடுக்க வேண்டும் போலவும், அதையே கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நன்றி சொன்னாள்.

டவீத்தா கட்டையை ஊன்றி வந்தார். தன் வீட்டுப் படியில் பிள்ளை தடுமாறி விழுந்தபோது, தான் சீனி போட்ட கொக்கோ குடித்துக்கொண்டிருந்ததாகவும், கோப்பையை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுத்ததாகவும் சொன்னார். அவர் கண்ணில் நிஜமான கண்ணீர் இருந்தது. அப்படியே வீடு வீடாக வைதோவா தன் மகளின் கடைசி நேரத்தைக் கேட்டு முடித்தாள். அந்தப் பிள்ளை ஒரு தெருவையே கெஞ்சிக்கொண்டு நடந்திருக்கிறாள். வழி நெடுக சீனி இருந்திருக்கிறது. வைதோவாவின் வார்த்தையும் இருந்திருக்கிறது.

கடைசியில் ஃபுவாதினோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரே நாளில் அவள் முகம் வற்றிப்போயிருந்தது. குழந்தையின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"நேத்திக்கு அவ பையில ஒரு பொட்டலம் மிட்டாய் கெடச்சுது. எந்த நாசமாப் போனவன் வெச்சானோ, பன்னிக்குக் கொட்டிட்டேன். இன்னிக்குக் கடைக்கு வந்தா. சுகா, அத்தை, சுகான்னு. பாவம், நோயோட பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா. ஃபிரிட்ஜைத் தொறந்து ஆரஞ்சுக் கேனைப் பிடிச்சுக்கிட்டா. வெரல் ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன். ஊசிக்கு எப்பவும் அழாத பிள்ளை, இன்னிக்கு ஒத தாங்க முடியல. நாலு பேர் பிடிச்சோம். சீக்கிரம் எறங்கட்டும்னு டவீத்தாவுக்குப் போடுற அளவே போட்டேன். போட்டதும் அப்படியே அமைதியாத் தூங்கிட்டா. நல்ல தூக்கம்னு கொசுவலையக் கூடக் கட்டிவிட்டேன். அப்புறம் எழுப்பினா எழுந்திருக்கல, லாரியில ஏத்தினோம். என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன், வைதோவா."

வைதோவாவால் இதற்கு நன்றி சொல்ல முடியவில்லை. அதற்குள் வெளியே புல்வெளியில் சபையார் வந்து நின்றுவிட்டார்கள். லவுதானோ தடியை ஊன்றித் தோளில் பேச்சாளரின் அடையாளமான மயிர்ச்சாமரத்தைப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார். துக்கத்துக்குப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. குழந்தையை உதிர்ந்த பூ என்றார், தாயை மழையில் நனையும் கூரை என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"இந்த ஊரு எத்தனையோ தடை போட்டிருக்கு. குடிக்குத் தடை போட்டோம், மறுநாளே ஒருத்தன் மீறினான். ராத்திரி சுத்தக் கூடாதுன்னோம், என் சொந்த மகனே மீறினான். இந்த ஒரு தடையத்தான் ஒருத்தர்கூட மீறல. பெரியவங்க மீறல, சின்னப்பிள்ளைங்க மீறல. ஒரு பருக்கை சீனி இந்த ஊர்க் கையிலேர்ந்து அவ வாய்க்குப் போகல. நோய் கொண்டுபோச்சு, அது கடவுள் சித்தம். எங்க கை சுத்தம், அம்மா. நீ கேட்டத நாங்க காப்பாத்திக் கொடுத்தோம்."

"ஆமென்" என்றது கூட்டம்.

வைதோவா எழுந்து நின்றாள். பெரியவர்கள் பேசும்போது எழுந்து நிற்பது அந்த ஊரில் அறைவதற்குச் சமம். கூட்டம் மூச்சை இழுத்தது.

"அவளுக்குச் சுகா ஏறல" என்றாள். கத்தவில்லை. "எறங்கிடுச்சு. எறங்கும்போது இனிப்புக் கொடுக்கணும். ஒரு வாய் கொடுத்திருந்தா எழுந்து உக்காந்திருப்பா. அவ கேட்டது நோய் இல்ல. சீனி. சீனி கேட்டா."

லவுதானோ தடியை மாற்றிப் பிடித்தார். "சபையில உன்னத்தானே கேட்டேன். எப்பவும்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

பாஸ்டரின் மனைவி வாயில் வைத்த கைக்குட்டையை எடுக்கவில்லை. செராஃபினா அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்த இடத்தில் வைதோவா சொன்னதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் ஃபுவாதினோதான். பிரிக்க முடியாமல் பிரித்த விரல்களும், ஊசி போட்டவுடன் வந்த அந்தத் தூக்கமும் அவளுக்குள் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்ததை வைதோவா கண்ணாலேயே பார்த்தாள். மடியில் இருந்த பாதங்களை ஃபுவாதினோ மெதுவாகப் பாயில் இறக்கி வைத்தாள், சூடு பட்டதுபோல.

எழுந்து வந்து வைதோவாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு கையால் தலையைத் தன் தோளில் அழுத்தினாள், இன்னொரு கையால் வாயைப் பொத்தினாள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு நாத்தனாரின் பாசமாகத்தான் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க பெரியவங்களே" என்றாள் சபையைப் பார்த்து. "பெத்த வயிறு, புத்தி தடுமாறிடுச்சு. சுகாக்காரப் பிள்ளைக்குச் சுகாவையே கொடுக்கணுமாம். அவ என்ன பேசுறான்னு அவளுக்கே தெரியல."

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ஐயோ பாவம் என்றார்கள். தீக்காயத்துக்கு நெருப்பா வைப்பார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார், நாலு பேர் தலையாட்டினார்கள். அவள் எப்போதும் மாற்றி மாற்றித்தானே பேசுவாள் என்று ஒரு பெண் மெல்லச் சொன்னது வைதோவாவுக்குக் கேட்டது. அவள் திமிறினாள். பொத்திய கை வலுவான கை. ஃபுவாதினோ அவள் காதோடு வாயை வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லாதடி. நீ ஒரு வார்த்தைதான் சொன்னே, குத்துனது நான். அத வெச்சுக்கிட்டு என்னால இந்த ஊர்ல இருக்க முடியாது."

வைதோவா அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் நாக்கில் உப்புக் கரித்தது. ஃபுவாதினோ கையை எடுக்கவில்லை.

லவுதானோ தொண்டையைச் செருமினார். இறந்த குழந்தையின் பெயரால் ஒரு அறிவிப்பு இருக்கிறது என்றார். இனி இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு இந்த நோய் வந்தாலும் இதே தடை, இதே அபராதம். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்பப்போகிறார்கள். பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று இந்த ஊரைப் பார்த்து மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ளட்டும். தாய்க்கு இதில் சம்மதம்தானே என்று முறைப்படி கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

ஃபுவாதினோ வைதோவாவின் வாயை விடாமலே நிமிர்ந்தாள். கடிபட்ட இடத்திலிருந்து வழிந்த ரத்தத்தை வைதோவாவின் தலைமுடி மறைத்திருந்தது.

"அவ சார்பா நான் சொல்றேன்" என்றாள். "சம்மதம்."

சபையார் நன்றி சொன்னார்கள். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார், எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஜெபம் முடிந்து பிள்ளைகள் மறுநாளுக்குத் தயாராக வைத்திருந்த பாட்டைப் பாடத் தொடங்கும்வரை ஃபுவாதினோ கையை எடுக்கவில்லை. எடுத்தபோது வைதோவாவுக்குச் சொல்ல வாய் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.